இசைக்கருவி, ஒன்று

தனுஷ்கோடித் துறையில்
அடுத்தவன் பெட்டியைத் திறந்து பார்த்தே
இருபத்தோரு வருஷம் சோறு தின்றேன்.
கருவாட்டுக்கு அடியில் பட்டு இருக்கும்,
பட்டுக்கு அடியில் வாசனை சோப்பு.

முப்பத்தெட்டில் தங்கச்சிமடத்து அகுஸ்தீன் மிராந்தா
கொழும்புக் கப்பலுக்கு வந்தபோது
குழந்தைச் சவப்பெட்டி மாதிரி ஒன்றை மேசையில் வைத்தான்.
உள்ளே வளைந்த பித்தளை.
துளை இல்லை, பொத்தான் இல்லை.
எப்படி ஊதுவாய் என்றேன்.
வலது கையை நீட்டினான், மடக்கினான்.
"ஏழு இடம் சார். கோடு கிடையாது. கைக்குத் தெரியணும்."
வெளியே போகிற சாமான்தானே,
பதிவேட்டில் எழுதவில்லை. போ என்றேன்.

நாற்பத்தொன்று கிறிஸ்துமஸுக்கு வெள்ளைக் கோட்டு.
பெட்டிக்குள் புதிதாக
கக்கூஸ் அடைப்பெடுக்கிற ரப்பர் கிண்ணம்.
இது எதற்கு?
குழலின் வாயில் வைத்து மூடித் திறந்து ஊதினான்:
வா… வா…
வரிசையில் மூன்றாவதாக நின்ற வளையல் வியாபாரி
தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று
மூட்டையோடு முன்னால் வந்துவிட்டார்.

பிறகு குண்டு விழுந்தது.
கொழும்பே இறங்கி வந்தது துறைக்கு, அவன் வரவில்லை.
சிப்பாய்கள் ஆடிக்கொண்டிருந்தார்களாம்.
பதினாறு பேர் பேண்டு, மூன்று டிராம்போன், இவன் நடு.
"மூணு பேரும் ஒண்ணா எந்திரிச்சா
விளக்கெல்லாம் எங்க மேலதான் சார்."
இதைச் சொன்னது நாற்பத்தெட்டில்.
சிப்பாய் ஊருக்குப் போனான்,
பதினாறு ஒன்பதாகி, ஒன்பது ஐந்தாகி,
ஐந்து பேருக்கு டிராம்போன் எதற்கு?

அதற்குள் நாடு இரண்டு, சட்டம் புதிது.
ரசீது எங்கே என்றார் சூப்பிரண்டு.
இங்கிருந்து கொண்டுபோனது என்றான்.
பதிவேட்டைப் புரட்டினேன், இருக்காது என்று தெரிந்தே.
தீர்வையும் அபராதமும் நூற்றுப் பத்து ரூபாய்.

ஒன்பது மாதம் கொட்டகையில் கிடந்தது.
ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு ரயிலேறி வருவான்,
தேங்காய் எண்ணெய்ச் சீசாவும் பழைய பனியனும்.
துடைக்கலாம், ஊதக் கூடாது. அரசுப் பொறுப்பு.
துடைத்து மூடிவிட்டு
சாக்கு மூட்டைமேல் உட்காருவான்.
உதடு இறுகும், கால் தட்டும்,
வெறும் கை காற்றில் போய்ப் போய் வரும்.
சத்தமே இல்லை.
அவன் மூச்சு விடும்போதுதான்
பாட்டு முடிந்தது என்று எனக்குத் தெரியும்.
நான் எழுதாதது பற்றி அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஒரு நாள் பணத்தைக் கட்டினான்.
ஏது என்று கேட்பது என் வேலையில்லை.
'இசைக்கருவி, ஒன்று, பழையது' என்று எழுதினேன்.
புயலில் கொட்டகையோடு போனதே அந்தப் பதிவேடு,
அதில் அவன் வந்தது உண்டு, போனது கிடையாது.

மெட்ராஸில் ஸ்டூடியோ வேலை என்று கேள்வி.
ராமேஸ்வரம் டூரிங் கொட்டகையில், நாலணா டிக்கெட்டில்,
ஒரு படம் பார்த்தேன்.
காமெடியன் வாழைப்பழத் தோலில் கால் வைக்கிறான்.
கூடவே ஒரு பித்தளைச் சறுக்கல்,
ஒன்றாம் இடத்திலிருந்து ஏழாம் இடம் வரை
ஒரே மூச்சு.
மணலில் இருந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.
இருட்டில் என் வலது கை
முன்னால் நீண்டிருந்தது.
பக்கத்து ஆள் பீடி கேட்கிறேன் என்று நினைத்து
ஒன்றை வைத்தான்.