சிவப்புத் துணி

கோலா நிப்பா ஜெட்டியில்
கொடி ஏற்றுவது என் வேலை.
நாளுக்கு நாற்பது வெள்ளி, சாப்பாடு இல்லை.
காலை ஏழுக்கு ஏற்றி
மாலை ஆறுக்கு இறக்க வேண்டும்.
துணி மேலே இருக்கும் வரை
மூன்றாம் மிதவைக்கு அப்பால்
எந்தப் படகும் போகக்கூடாது.
ஆற்றுவாயில் ராணுவம் சுட்டுப் பார்க்கிறது.
எதை என்று கேட்டால்
லான்ஸ் கார்ப்பரல் ஹைருல் சிரிப்பார்:
"அக்கா, எனக்கும் சத்தம் மட்டும்தான் தெரியும்."

தோட்டத்தில் பெரட்டுக்கு ஆள் சேரும்போது
என் துணி மேலே போகும்.
மண்டோர் மோட்டாரை நிறுத்திக் கேட்பார்:
"என்ன, மறுபடியும் ஸ்டிரைக்கா?"
செங்கொடி என்றால் அவருக்கு அந்த ஞாபகம்.
இது அந்தச் சிவப்பு இல்லை.
இப்போது சிவப்பே இல்லை.
உப்புக்காற்றில் வெளுத்து
கல்யாண வீட்டு ரோஸ் தண்ணீர் நிறம்.
புதுத் துணிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்,
மூன்று பிரதிகளில்.

முதல் மாதம் வாங்காத திட்டு இல்லை.
இறால் வலைக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரர்கள்.
ஆ செங் தவுக்கேயின் எட்டு வாடகைப் படகும்
வெயிலில் கவிழ்ந்து கிடந்தன.
என்னைப் பார்த்தால் துப்புவார்,
மரியாதையாக, தண்ணீர்ப் பக்கம் திரும்பி.
அறிவிப்புப் பலகை மலாயில் இருக்கிறது.
அதன் கீழே நான் சுண்ணாம்பில் எழுதினேன்:
போகாதே. வெடிக்கும்.
மழை 'போகாதே'யை மட்டும் அழித்துவிட்டது.

தவநாதன் வந்தது ஒரு செவ்வாய்.
கையில் வாய் கட்டிய மண்கலயம்.
உள்ளே கனகமணி,
பதினேழு வருடம் செம்பனை உதிரி பொறுக்கியவள்,
அதில் ஆறு வருடம் எனக்குப் பக்கத்து நிரை.
கடல்வாயில் கரைக்கணும் என்றார்.
பண்டாரம் குறித்த நேரம் பத்தரை.
நான் அண்ணாந்து பார்த்தேன்.
காற்றே இல்லை.
துணி கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது,
ஒன்றும் பார்க்காத மாதிரி.

இறக்கிவிடலாம்.
அரைமணி நேரம், யாருக்குத் தெரியும்?
கை கயிற்றுக்குப் போனது, பொய் சொல்லவில்லை.
ஆனால் போன மார்ச்சில்
மிதவை தாண்டிய சம்பானை நான் பார்த்திருக்கிறேன்.
இரண்டு பையன்கள், ஒரு ஐஸ்பெட்டி, பாட்டுச் சத்தம்.
ஐஸ்பெட்டி திரும்பி வந்தது,
மூடி திறக்காமல்.

ஹைருலைக் கூப்பிட்டேன்.
அவர் மேலே கேட்டார்.
மேலே இருந்தவர் இன்னும் மேலே கேட்டார்.
பத்தரை ஆனது. பதினொன்று.
வாக்கிடாக்கி கரகரத்து, பிறகு சொன்னது:
தா போலே.
முடியாது என்பதற்கு இரண்டே சொல்.
அதை எங்களிடம் சொல்லும்போது
தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார்,
சின்னப் பையன்.

முதல் சத்தம் பதினொன்று ஐந்துக்கு.
கொக்குகள் எழுந்தன.
கலயத்துக்குள் ஏதோ
சன்னமாக நகர்ந்த மாதிரி இருந்தது.
தவநாதன் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு
ஜெட்டியின் கடைசிப் படியில் இறங்கி
முழங்கால் தண்ணீரில் நின்று கரைத்தார்.
சாம்பல், கொஞ்சம் பால், நாலு சாமந்தி.

நீர் ஏறுகிற நேரம் அது.
எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.
பூக்கள் கடலுக்குப் போகவில்லை.
திரும்பி, மேல்நோக்கி,
ஆ செங்கின் படகுகளைத் தாண்டி,
மில் கழிவுக் குழாயைத் தாண்டி,
பதினாலாம் நம்பர் காட்டு வாய்க்காலுக்குள் நுழைந்தன.
அவள் பொறுக்கிய காடு.
"வேலைக்குப் போறா பாரு" என்றார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை,
அடுத்த வெடிச் சத்தத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆறு மணிக்கு இறக்கி மடித்தேன்.
நீர் வற்றிக்கொண்டிருந்தது.
ஒரு சாமந்தி மட்டும் திரும்பி வந்து
படியில் தட்டித் தட்டி நின்றது.
கம்பால் தள்ளிவிட்டேன்.
முதல் மிதவை, இரண்டாவது,
அப்புறம் இருட்டிவிட்டது.

பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு:
எல்லை கடந்தவை.
இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.