முப்பத்தேழாவது வினா

ஐம்பது வினா, அறுபது நிமிடம்.
போனில் நேரத்தை ஓடவிட்டு
நெற்றி லைட்டைத் தாழ்த்திப்
பரணில் சப்பாணி கட்டி இருக்கிறேன்.
கீழே மூன்று ஏக்கர் நெல்
கதிர் குனிந்து நிற்கிறது,
இன்னும் பத்து நாளில் அறுப்பு.
முத்தையன்கட்டுக் குளத்துக் காற்று
பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறது.
தாளுக்குப் பாரமாய் யானைவெடி இரண்டு.

3, 7, 15, 31.
அறுபத்து மூன்று. பத்துச் செக்கன்.
இப்படியே போனால்
கச்சேரியில் எனக்கொரு கதிரை நிச்சயம்.

பன்னிரண்டு பேர் எட்டு நாளில் அறுக்கும் வயலைப்
பதினாறு பேர் எத்தனை நாளில் அறுப்பர்?
ஆறு.
ஒட்டுசுட்டானில் பதினாறு பேரை
ஆர் கூட்டி வருவது என்று கேட்கக்கூடாது.
மெசின்காரன் ஏக்கருக்கு இவ்வளவு என்பான்,
மழை இருட்டினால் அதற்கு மேலே என்பான்.
அந்தக் கணக்கென்றால் நாலு விடையும் பிழை.

ஒரு குழாய் தொட்டியை ஆறு மணித்தியாலத்தில் நிரப்பும்,
மற்றது எட்டில் வெறுமையாக்கும்.
இரண்டையும் ஒன்றாய்த் திறந்த விசரன் ஆரென்று
முந்திச் சிரிப்பேன்.
எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற ஒழுங்கைப்
பார்த்தபின் சிரிப்பதில்லை.
இருபத்து நாலு.

பொருந்தாததைத் தெரிக:
பசு, எருமை, முதலை, யானை.
பசுவுக்குத் தடி போதும், எருமைக்கு அதட்டல்.
முதலை தன்பாட்டில் குளத்தில் கிடக்கும்.
யானைக்கு மட்டும்தான்
திணைக்களத்தில் கையெழுத்து வைத்து வெடி எடுக்கவேண்டும்.
போனமுறை யானை என்று போட்டேன்.
வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்தது,
அதில் ஒன்றை இது தின்றது.
முதலை.

இருபத்தாறு, வயதுக் கணக்கு.
தந்தையின் வயது மகனுடையதைப்போல் மும்மடங்கு,
பதினைந்து வருடத்தின் பின் இருமடங்கு.
மகன் பதினைந்து, தந்தை நாற்பத்தைந்து.
புத்தகத்து அப்பாக்களுக்கு ஒழுங்காய் வயது ஏறும்.
எனக்கு அப்போது பதினாலு, அவருக்கு நாற்பத்தொன்று.
வகுத்தால் மிச்சம் விழுகிற விகிதம்.
இப்போது எனக்கு இருபத்தொன்பது.
இன்னும் பன்னிரண்டு வருடத்தில்
நாங்கள் இருவரும் ஒரே வயது.

அடுத்தது.

முப்பத்தேழை வாசிக்கும்போது
கம்பியில் கட்டின பேணிகள் கலகலக்கின்றன.
நேரத்தை நிறுத்தியிருக்கலாம்.
மண்டபத்தில் ஆர் நிறுத்தப்போகிறார்கள்
என்று ஓடவிட்டே இறங்கினேன்.
திரி பிடிக்க மூன்று நெருப்புக்குச்சி.
வயல் ஒருதரம் வெள்ளையாகித்
திரும்பக் கறுத்தது.
வடக்கிலிருந்து வந்தது,
வலப்பக்கம் திரும்பிற்று,
பாலைமரத்தடியில் நின்று யோசித்து
மறுபடி வலப்பக்கம்.
இப்போது எத்திசை நோக்கி நடக்கிறது?
இதற்குப் பேனை வேண்டாம்.
வந்த காட்டுக்குள்ளேயே கொப்பு முறிகிறது.

ஏறி வந்தால் மிச்சம்
நாலு நிமிடம், பதினாலு வினா.
மூன்று, மூன்று, மூன்று என்று
கீழ்வரைக்கும் புள்ளடி போட்டேன்.
தாளெல்லாம் கருமருந்து விரல்.

முப்பத்தைந்து சரி.

பின்னட்டையில் அது வந்த திகதிகள்
குறித்து வைத்திருக்கிறேன்:
இரண்டு, ஐந்து, ஒன்பது.
இன்றைக்குப் பதினாலு என்று எழுதியபிறகுதான்
கண்ணில் பட்டது.
இடைவெளி மூன்று, நாலு, ஐந்து.
அடுத்தது இருபது.
பரீட்சை இருபத்தொன்று, வவுனியா,
விடிய முதல் பஸ் பிடிக்கவேண்டும்.

வாய்க்காலுக்கு அங்கால் பிறேமிளாவின் பரண்.
வெடிக்கு நிமிர்ந்த வெளிச்சம்
திரும்பவும் எதன்மேலோ குனிந்திருக்கிறது.
மெசேஜ் போட்டேன்:
இருபதாம் திகதி இரவு என்ர வயலையும் பாப்பீரோ?

உடனே பதில்.
எனக்கும் இருபத்தொண்டுதான் சோதனை.
அதை விடும்,
நாப்பத்தொண்டாவதுக்கு என்ன விடை?

மூன்று என்று அனுப்பினேன்.