இழுகொக்கி

கொக்கி வைக்க மாட்டேன் என்றான் டிங்வால் வெல்டர் ஸ்ட்ரூவன்.
பட்டத்து யானையை மரம் இழுக்கவா கேட்கிறாய் என்கிற மாதிரி
ஜென்சனைச் சுற்றிச் சுற்றி வந்தான்.
எழுபத்தொன்றாம் வருடத்து வண்டி.
ஏழு லிட்டர் எஞ்சின், கன்றுத்தோல் இருக்கை,
நீஸ் கடற்கரை வரைக்கும்
தலை கலையாமல் போவதற்கென்றே பிறந்தது.
கொஞ்ச தூரம்தான் என்றேன்.
நாக்ஹில் பந்தயத் திடல்
நூற்றைம்பது மைல்.

விவாகரத்தில் வீடு வங்கிக்குப் போயிற்று.
நாய் ஊனாவுக்கு.
ஆரஞ்சு நிற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரும் அவளுக்கே.
ஜென்சன் எனக்கு.
பங்கு பிரித்த வக்கீல்
எது எதை இழுக்கும் என்று யோசிக்கவில்லை.
மார்ச்சில் ஃபோன் வந்தது.
பெட்ரோல் என் செலவு என்றாள்.
வேறெதுவும் பேசவில்லை.

ட்ரெய்லர் கட்டினால் ஐம்பதுக்கு மேல் சட்டமில்லை.
பால் டேங்கர் ஒன்று எங்களை முந்திப் போக,
வெப்பமுள் சிவப்பைத் தொட்டது.
எஞ்சினைக் குளிர்விக்க ஹீட்டரை முழுசாகத் திறந்தேன்,
எங்களைக் குளிர்விக்க ஜன்னலை இறக்கினேன்.
முழங்காலில் அடுப்பு, காதில் ஏப்ரல் ஆலங்கட்டி.
மீன்தொட்டி போல் வளைந்த பின்கண்ணாடிக்குள்
ஆரஞ்சு மூக்கு
விட்டும் விலகாமலும் நீந்தி வந்தது.

ட்ரமாக்டர் கணவாய் இறக்கத்தில்
ட்ரெய்லர் ஆடத் தொடங்கியது.
இடம், வலம், இன்னும் கொஞ்சம் இடம்.
பின்னால் இருப்பது முன்னால் இருப்பதை
ஓட்டப் பார்க்கும் தருணம்.
தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன்.
"பிரேக்கைத் தொடாதே" என்றாள், கண் திறக்காமல்.
"காலை மட்டும் எடு. நேராகப் பிடி. தானாக அடங்கும்."
அடங்கியது.
ஒன்பது வருடக் கல்யாணத்தில்
இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

திடலில் எல்லோரும் ஜென்சனைத்தான் படம் எடுத்தார்கள்.
ஒரு சிறுவன் இழுகொக்கியைத் தடவி
இதுக்கு வலிக்குமா என்றான்.
நான்காவது சுற்றில் ஊனாவின் கியர்பாக்ஸ் போய்விட்டது.
அவள் ஓட்டிய பந்தயம் ஐந்து மைல்.
தலைக்கவசத்தைக் கழற்றாமல்
ட்ரெய்லர் மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.
நான் டயர் காற்றுப் பார்த்தேன்,
பார்த்த டயரையே திரும்பவும்.

மாட்டும்போது கடைசியாக அந்த மெல்லிய கம்பி.
கொக்கி எங்காவது கழன்றால்
கம்பி இழுபட்டு, ட்ரெய்லரின் பிரேக்கைப் போட்டுவிட்டு
அறுந்துபோகும்.
பிரிந்தது தன் இடத்தில் நிற்கும்.
அவள் மாட்டினாள்.
நான் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.
நம்பாமல் அவளும் ஒரு தடவை.

அவீமோர் பங்க்கில் எழுபத்தெட்டு லிட்டர்.
ரெண்டும் உங்களுதா என்றான் பக்கத்து வேன்காரன்.
முன்னால் நிற்பது மட்டும் என்றேன்.
பணம் கட்டப் போனவள்
கடையில் மிஞ்சியிருந்த ஒரே முட்டை சாண்ட்விச்சோடு வந்தாள்.
போனட்டின் சூட்டில் வைத்துப் பிய்த்தாள்.
எது பெரிய துண்டு என்று
இருவருமே பார்த்தோம்.