ஒரு முறுக்கு

கவிழ்த்துதான் வைக்கணும் என்றான் ஏஜாஸ்.
சுமோவின் கூரைமேல்
ஆரஞ்சு முதுகு காட்டிக் குப்புறக் கிடந்தது கயாக்.
நாடாவை இழுத்தேன்.
ரொம்ப இறுக்காதே, ஃபைபர் விரிசல் விடும்.
முனைக்கயிறு பம்பரில்.
உலுக்கிப் பார்த்தால்
படகு அசையவில்லை, வண்டி ஆடியது.
சரி, ஏறு.

சத்துவாச்சாரி தாண்டியதும்
தலைக்குமேல் ரீங்காரம்.
காற்றில் நாடா அதிர்கிறது.
ஓரங்கட்டி,
தட்டையாய்க் கிடந்ததை அவிழ்த்து
ஒரே ஒரு முறுக்கு போட்டுக் கட்டினான்.
வாயடைத்துப்போனது.

பாலாற்றுப் பாலம்.
கீழே மணல், சீமைக்கருவேலம்,
நட்டுவைத்த மூன்று குச்சி.
பந்துவீச ஓடிவந்த பையன்
பாதியில் நின்று அண்ணாந்தான்:
ஆற்றைக் கடக்கிறது படகு,
நாற்பது அடி உயரத்தில்,
எண்பது கிலோமீட்டர் வேகத்தில்.
கையாட்டினோம்.

காவேரிப்பாக்கம் ஏரியில் தண்ணி கிடக்குதா என்று
யார் கேட்டது, நீயா?
நீ கேட்டிருப்பாய் என்றல்லவா
நான்.