ஊர்ப்பத்தி

சங்கத்தைக் கலைக்கிறார்கள்.
மிச்சம் ஆயிரத்து நூற்று நாற்பது வெள்ளி,
ஒரு பித்தளை மணி, பதினொரு பேரேடுகள்.
தணிக்கைக்கு நான்.

பிடோக்கில் ரொஹாயாவின் வீவக வீடு, நான்காம் மாடி.
காப்பிக் கோப்பை வைக்கவும் இடமில்லாமல்
மேசையெங்கும் ஏடுகள்.
பூச்சி தின்றது போக எஞ்சியதெல்லாம் ஜாவி எழுத்து.
வலமிருந்து இடமாய் அவள் வாசிக்க
இடமிருந்து வலமாய் நான் எழுதினேன்.
நடுவில் எங்கேயோ முட்டிக்கொண்டோம்.

பாவெயான்.
ஜாவாவுக்கு வடக்கே, வரைபடத்தில்
ஓர் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகும் தீவு.
அங்கே மீசை முளைத்தால் போதாது,
கப்பல் ஏறினால்தான் ஆண்பிள்ளை.
"பெண்கள் பாய் முடைந்து காத்திருந்தார்களாக்கும்" என்றேன்.
"வயல் உழுதார்கள்" என்றாள் ரொஹாயா, ஏட்டிலிருந்து நிமிராமல்.

ஏறியவர்கள் இங்கே சுண்ணாம்புக் கம்பத்தில்
ஊருக்கொரு பொண்டோக் என்று
ஒரே கூரையின் கீழ் படுத்தார்கள்.
பாய்க்கும் பாய்க்கும் ஒரு சாண்.
அரிசி, விளக்கெண்ணெய் எல்லாம் பொதுப்பணம்.
புதிதாய் வருகிறவனின் கப்பல் கூலியைப் பொண்டோக் கட்டும்;
அவன் குதிரை தேய்த்து அடைப்பான்.

எங்கள் தொழிலுக்கு இரண்டே சொல்.
இந்த ஏட்டில் வரவு என்றால் ஆள்.
பற்று என்றால்,
அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயர். தொகை. ஊர். காரணம்.
ஊர்ப்பத்தியில் பக்கம் பக்கமாய் ஒரே ஊர், தெலுக் ஜாத்தி.
எழுதிச் சலித்துப்போய்
கீழே கீழே கோடாய் இழுத்திருக்கிறார்
கணக்குப்பிள்ளை மர்சுக்கி.

1929, ஆகஸ்ட். ரொஹாயா நின்றாள்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"வெலாண்டி... வெலாண்டா? டச்சுக்காரனா?
எங்கள் தீவையே ஆண்டவன்
எங்களிடம் வந்து நாலு வெள்ளி கடன் கேட்டானா?"
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த சொல்லைப் படி என்றேன்.
"அனாக்... காருப்பன்."

வேலாண்டி.
கருப்பன் மகன் வேலாண்டி.
காரணம்: பந்தயத் திடலில் குதிரை உதைத்தது, முழங்கால்.
தொகை: நாலு வெள்ளி, எலும்பு கட்டுகிறவருக்கு.
ஊர்:
கோடு இல்லை இங்கே.
நிறுத்தி, மை தொட்டு, முழுதாய் எழுதியிருக்கிறார்
தெலுக் ஜாத்தி.

தன் ஊரானுக்கன்றித் தரலாகாது என்பது விதி.
முதல் பக்கத்திலேயே இருக்கிறது, பெருவிரல் ரேகைகளோடு.
விதியை உடைக்க மனம் வரவில்லை மர்சுக்கிக்கு.
ஊரை மாற்றிவிட்டார்.

அதன்பின் வேலாண்டி வந்துகொண்டே இருக்கிறார்.
மாதம் அரை வெள்ளி, எட்டு மாதம், கடன் தீர்ந்தது.
தீர்ந்த பிறகும் பத்துக் காசு, பத்துக் காசு.
அஸ்மாவி என்று ஒருவரின் கபன் துணிக்கு,
ஒழுகுகிற கூரைக்கு,
முகம் தெரியாத யாரோ ஒருவனின் கப்பல் கூலிக்கு.
அடைமழை மாதத்தில் ஒருமுறை கட்டவில்லை,
அபராதம் இரண்டு காசு.
மற்றவர்களுக்கும் அதே இரண்டு காசுதான்,
முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

1934இல் ஒரே சொல். பூலாங்.
"வீடு திரும்பினார்" என்றாள்.
எந்த வீட்டுக்கு?
நாகப்பட்டினக் கப்பலில் காலைத் தாங்கித் தாங்கி ஏறினாரா?
இல்லை, பாய்த்தோழன் எவனாவது கூட்டிப்போய்
அந்த ஈயளவு தீவில் இறக்கிவிட்டானா?
ஏட்டை நம்பினால் தெலுக் ஜாத்தி.
ஏட்டை நம்புவதுதான் என் பிழைப்பு.

ஊர் பேர் தெரியாதவன் என்று
எவ்வளவு சுலபமாய்ச் சொல்லிவிடுகிறோம்.
பேர் இருக்கிறது, சற்றே டச்சு வாடையோடு.
ஊர் இருக்கிறது, இன்னொருவருடையது.

பிழைக்குச் சிவப்பு, சரிக்குப் பச்சை.
ரொஹாயா ரொட்டி போயான் புரட்ட அடுப்படிக்குப் போயிருந்தாள்.
முட்டையும் உருளைக்கிழங்கும் எண்ணெயில் பேசிக்கொண்டிருந்தன.
பச்சைப் பென்சிலின் முனை மழுங்கியிருந்தது.
சீவினேன்.

பிறகு அந்தப் பித்தளை மணியை
எந்தக் கணக்கில் காட்டுவதென்று
இருவரும் இருட்டும்வரை சண்டை போட்டோம்.