பென்சில் கோடு

ஜெலுத்தோங்கில் காயப்போட்ட சட்டையை
நக்கிப் பார்த்தால் கரிக்கும்.
கடல் நான்கு தெரு தள்ளித்தான்,
ஆனாலும் தினம் வந்து போகிறது.

சமையலறையில் முதலில் ஒரு சொட்டு.
பிறகு மிளகாய்த்தூள் டப்பாவின் மூடியில்
செங்காவி நிறத்தில் ஒரு வட்டம்.
ஆள் கூப்பிட்டால் எண்ணூறு வெள்ளியாம்.
எண்ணூறா, நானே ஏறுகிறேன் என்றேன்.
ஏணியை மகள் பிடித்துக்கொண்டாள்
ஒரு கையால். மறு கையில் போன்.

இரும்புக்கடை தியோ சொல்லியிருந்தார்:
முதலில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவு, உப்பு போகட்டும்.
திருகாணியில் ரப்பர் வெடித்திருந்தால் மாற்று.
வாய்க்காலில் இலை தங்க விடாதே,
ஈரம் அங்கேதான் படுத்துத் தூங்கும்.
வெள்ளி மின்னும்வரை சுரண்டு. அப்புறம் பிரைமர்.
காயட்டும். அவசரப்படாதே.

ஆணிகள் பரவாயில்லை. ஓரங்களும்.
துரு இருந்தது நடுத்தகட்டில்,
ஓர் ஆணியும் இல்லாத இடத்தில்,
வளைந்து, சுழித்து, வரிசையாக.
குனிந்தேன்.
எழுத்து.

சேவுகன் 6½ நாள்.
அரையின்மேல் குறுக்கே ஒரு கோடு.

பதினோரு வருடம் இருக்கும்.
சனிக்கிழமை பதினொன்றரைக்கு மழை பிடித்தது,
வழுக்குகிறது என்று இறங்கிவிட்டான்.
அரை நாளும் ஆகவில்லையே,
அதற்கெல்லாமா கணக்கு, என்று கேட்டவள் நான்.
அவன் ஒன்றும் பேசவில்லை.
முகட்டுத் தகட்டை முடுக்க
கடைசியாய் ஒருமுறை ஏறினான்,
காதில் பென்சில்.

தியோவுக்குப் போன் போட்டேன். சிரித்தார்.
"பென்சில் கரிதானே அம்மா,
இந்தத் தகரத்துக்குக் கரி ஆகாது.
ஈரம் பட்டால் கோடு போன வழியே தின்னும்.
மார்க்கரில்தான் குறிக்கணும்.
கூரை போடுகிறவனுக்கு இது தெரியும்."

தெரியுமா?

சேவுகனின் பழைய எண்
பாவனையில் இல்லை என்றது
முதலில் மலாயில், பிறகு ஆங்கிலத்தில்.

கம்பி பிரஷை எடுத்தேன்.
பெயர் சீக்கிரம் போய்விட்டது,
ஆறு கொஞ்சம் மல்லுக்கட்டியது.
அந்தக் குறுக்குக் கோட்டில்
பிரஷ் அப்படியே உள்ளே இறங்கியது.
ஓட்டை. கண் வைத்துப் பார்த்தேன்:
நேர் கீழே மிளகாய்த்தூள் டப்பா.

வெயில் ஏறிவிட்டது, தகரம் முழங்காலைச் சுடுகிறது.
ஒட்டு வைக்க வேண்டும், பிரைமர் இன்னும் திறக்கவில்லை.
முடிஞ்சுதாம்மா, என்கிறாள் மகள் கீழிருந்து.

இல்லை.
இன்னும் அரை நாள் ஆகும்.