துப்பு

பதினோராம் எண் டிராமைப் பணிமனையில் விட்டுவிட்டு
வீட்டுக்கு வருகிறேன்.
ரீகாவில் நான்கு மணிக்கே இருட்டிவிட்டது.
பூட்ஸில் ஒட்டிய பனி வாசலில் குட்டையாகிறது.
விஸ்மா கோட்டை மாட்டிக்கொண்டே சொல்கிறாள்:
"மத்தியானம் மூன்று ஸ்பூன்.
அதுவும் பூசணி. அதுவும் மசித்தது."
கதவு சாத்துகிறது.
காலைவரை ஆஸ்பத்திரிக்கு அவள்.
எனக்கு மதாரா.

மதாராவுக்குப் பத்து மாதம், பதினெட்டு நாள்.
கீழே இரண்டு பல்.
மேலே ஒன்று, வரலாமா என்று யோசிக்கிறது.
ரேடியேட்டர் குமிழ், என் சீருடைப் பித்தான்,
போன வருஷத்து டிராம் டிக்கெட்,
எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.
சாப்பாடு என்று தெரிந்தால் மட்டும்
உதட்டில் பூட்டு.
சாவி எங்கே என்று கேட்காதீர்கள்.

செவிலி ஐயா சொன்னார்,
(ஐயா என்பது அவள் பெயர், லாட்வியாவில் பெண்பெயர்)
"கையில் கொடுத்துப் பாருங்கள்.
உங்கள் சுண்டுவிரல் நீளம்.
அழுத்தினால் நசுங்க வேண்டும்."
அளந்து வெட்டினேன்.
ஆவியில் இருபது நிமிடம்.
இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்திப் பார்த்தேன்.
கேரட் மசிந்தது.
பீட்ரூட் மசிந்தது.
காலிஃபிளவர் மசிந்தது.
மதாரா மசியவில்லை.

பீட்ரூட்டை எடுத்தாள்.
நான் மூச்சுக் காட்டவில்லை.
புரட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்,
காலாவதியான டிக்கெட்டை நீட்டும் பயணியை
நான் பார்ப்பதுபோல.
பீட்ரூட்டும் கையும் முகத்துப் பக்கம் போய்வந்தன,
பிறகு நாற்காலிக்கு வெளியே நீண்டு
விரல்களைத் திறந்துவிட்டாள்.
விழும் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டாள்.
அடுத்து கேரட். அந்தச் சத்தம் வேறு போலிருக்கிறது,
தலையை ஆட்டிக்கொண்டாள்.
காலிஃபிளவர் உதட்டில் பட்டதும்
உடம்பெல்லாம் சிலிர்த்தாள்,
ஜனவரிக் கடலில் கால் வைத்தவள்போல.

கெஞ்சினேன். வாயாலேயே மணி அடித்தேன்.
ஒரு கேரட் தண்டவாளத்தில் வந்து
அவள் மூக்குக்குக் கீழே நின்றது.
"கதவுகள் திறக்கின்றன" என்றேன், வேலைக் குரலில்.
பதினாறு வருட சர்வீஸில்
கதவு திறக்காமல் போனது இதுதான் முதல் தடவை.

சரி, போ.

நேற்றைய உருளைக்கிழங்கு சட்டியில் கிடந்தது,
வெண்ணெயும் சதகுப்பைத் தழையுமாக.
உப்பில்லை. மறந்தவன் நான்,
திட்டு வாங்கியவனும் நான்.
ஜன்னலோரம் நின்று கையாலேயே பிட்டுத் தின்றேன்,
கடைசி நிறுத்தத்தில்
நாங்கள் அவசரமாகத் தின்பதுபோல.
எதிர் மாடியில் யாரோ
கிறிஸ்துமஸ் விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.
அழுகையில்லை. அதட்டல்.
திரும்பினால்,
நீண்ட கை. ஐந்து விரலும் திறந்து, மூடி, திறந்து.

இந்தத் தடவை அளக்கவில்லை.
கைக்கு வந்த கோணல் துண்டு.
பிடித்த பிடியில் நசுங்கி
விரல் இடுக்கெல்லாம் பிதுங்கியது.
மிச்சத்தை உள்ளங்கையோடு வாயில் அப்பினாள்.
மென்றாள் என்று சொல்ல முடியாது,
ஈறும் ஈறும் ஒன்றையொன்று விசாரித்தன.
தொண்டை அசைந்தது.
நான் பார்த்தேன். சாட்சிக்கு வேறு ஆளில்லை.

பிறகு துப்பினாள்.
கொஞ்சம்தான். தழையை மட்டும்.
முகவாயில் ஒரு பச்சை இழை.
துப்பியதில் எனக்குக் கிடைத்த துப்பு:
அவளுக்கென்று வெட்டியது வேண்டாம்,
என்னுடையது வேண்டும்.

விஸ்மாவுக்கு எழுதினேன்:
உருளை. கையால். விழுங்கிவிட்டாள்.
பதில் வந்தது: போட்டோ?
எடுக்கவில்லை. ஃபோனெல்லாம் வெண்ணெய்.

நாளையும் ஜன்னலோரம் நின்று
எனக்கு மட்டுமே பசிப்பதுபோல் நடிப்பேன்.
நம்புவாளா, தெரியாது.
என் நடிப்பு அப்படி.

தரையைத் துடைக்கக் குனிகிறேன்.
கேரட், காலிஃபிளவர், நாற்காலிக் காலடியில் பீட்ரூட்.
பீட்ரூட்டின் ஒரு முனையில்
இரண்டு சின்னக் குழிகள், அருகருகே.

எப்போது கடித்தாள்?